புராஸ்டேட் ஆபரேஷன் செய்தால் தாம்பத்திய வாழ்க்கை போய்விடுமா?

எந்த ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. புராஸ்டேட் என்பது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி. அதன் வீக்கத்துக்குச் செய்வது வேறு, புற்றுநோய்க்குச் செய்வது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பலரும் பயப்படுகிறார்கள்.

எனக்கு நடந்தது வீக்கத்துக்கு, டியூஆர்பி. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டு, அடைக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். ஆறு வாரம் கழித்து மனைவியோடு சேர்ந்தபோது விறைப்பு, உச்சம் எல்லாம் பழையபடியே. விந்து மட்டும் ஒரு சொட்டுகூட வரவில்லை. அப்புறம் பாத்ரூம் போனால் சிறுநீர் வெள்ளையாகக் கலங்கிப் போனது. எனக்குக் கைகால் உதறிவிட்டது.

உச்சத்தின்போது சிறுநீர்ப்பையின் வாய் இறுக மூடிக்கொள்ளும், அதனால்தான் விந்து முன்பக்கம் வருகிறது. ஆபரேஷனில் அந்த வாய் தளர்ந்துவிட்டால் விந்து பின்னால் போய்ச் சிறுநீர்ப்பையில் விழும். டியூஆர்பி செய்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படித்தான், அனேகமாக நிரந்தரமாக. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் இனி குழந்தை வேண்டும் என்பவர்கள் முன்னாலேயே டாக்டரிடம் பேச வேண்டும். எனக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; கையெழுத்து வாங்கிய தாளில் இருந்ததாம்!

என் அண்ணனுக்குப் புற்றுநோய். சுரப்பியையும் விந்துப் பைகளையும் முழுசாக எடுத்ததால் விந்து என்பதே கிடையாது. விறைப்புக்கான நரம்புகள் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு ஓடுகின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சுரப்பியை மட்டும் எடுக்கும் முறையை 1982இல் பேட்ரிக் வால்ஷ் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டுவந்தார். கட்டி நரம்பருகே பரவியிருந்தால் அது முடியாது. காப்பாற்றினாலும் நரம்பு தேற ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம். முன்பு எப்படி இருந்தது, வயது என்ன என்பதும் சேரும். உச்ச உணர்வுக்கு வேறு நரம்பு. விறைப்பே இல்லாமலும் அது வரும். இதை நம்பவே அண்ணனுக்கு மாதக்கணக்காயிற்று.

விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரை நரம்பு ஓரளவாவது பிழைத்திருந்தால்தான் கேட்கும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. மாத்திரை கேட்காவிட்டால் வாக்குவம் பம்ப், ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் கருவி. அண்ணனுக்குப் பம்ப்தான் கைகொடுத்தது. அதையும் அவர் கேட்கவில்லை. செக்கப்புக்குக் கூடப் போன அண்ணிதான் டாக்டரிடம் நேரடியாகக் கேட்டார், இவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம்.