ஒழுகும் மோட்டார் ஹோம்: மாரிக்கு முன் பொருத்துகளைத் திரும்ப அடைப்பது எப்படி?

கேள்வி: பொத்துவிலில் இருக்கிறோம். லொறிச் சட்டத்தின் மேல் கட்டிய பழைய மோட்டார் ஹோம் ஒன்று எங்களிடம் உண்டு. உள்ளே மரச்சட்டம், வெளியே அலுமினியத் தகடு, நீளம் 6 மீற்றர். அறுகம்பைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். போன மாரியில் கெபினுக்கு மேலுள்ள படுக்கையின் மூலையில் ஒழுகியது. கூரை ஓரமெல்லாம் சிலிக்கன் பூசினோம். இந்த முறையும் அதே இடத்தில் ஒழுகுகிறது. மேலால் இன்னொரு தடவை பூசலாமா? என்ன சாமான், எவ்வளவு வேண்டும்?

பதில்: பூச வேண்டாம். ஆறிப்போன சிலிக்கனின் மேல் எதுவும் பிடிக்காது. புதுச் சிலிக்கனும் நம்பும்படி பிடிக்காது. முதலில் ஒட்டினாற்போல் இருக்கும், வெயில் பட்டு ஓரம் கிளம்பும், அதற்குள் போகும் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரத்தில் ஊறும். வினாகிரி மணம் வருகிற மலிவுச் சிலிக்கனாக இருந்தால் கெடுதல் இன்னும் கூட, அதிலிருந்து வரும் அமிலம் அலுமினியத்தை அரிக்கும்.

பொருத்து ஏன் விடுகிறது என்று தெரிந்தால் வேலையின் ஒழுங்கும் விளங்கும். அலுமினியம் ஒரு பாகை செல்சியஸ் சூடு கூடினால் மீற்றருக்கு 0.023 மில்லிமீற்றர் நீளும். விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையில் கூரைத் தகட்டின் சூடு 40 பாகை மாறினால், 6 மீற்றர் தகடு ஐந்தரை மில்லிமீற்றர் நீண்டு சுருங்கும். உள்ளே இருக்கும் மரம் அந்த அளவுக்கு அசையாது. ஒவ்வொரு நாளும் நடக்கிற இந்த இழுபறியை, தகடுகள் சேரும் ஓரத்தை மூடியிருக்கும் பட்டைக்கு அடியில் உள்ள மெழுகு போன்ற அடைப்புப் பிசின்தான் தாங்க வேண்டும். இருபது முப்பது வருஷத்தில் அது காய்ந்து வெடித்துவிடும். ஆகவே திருத்த வேண்டிய இடம் பட்டைக்கு அடியில். மேலே பூசுவது அதற்குக் குடை பிடிப்பது மட்டும்தான்.

தண்ணீர் சொட்டும் இடத்தையும் நம்ப வேண்டாம். படுக்கை மூலையில் சொட்டுவது, முன்பக்க லைட்டின் வயர் ஓட்டையால் புகுந்து சட்டத்தின் வழியே ஓடி வந்ததாக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. கதவு, யன்னல், காற்றுத் துவாரம் எல்லாவற்றையும் மூடி டேப் அடித்துவிட்டு, ஒரு யன்னல் வழியாக புளோவரால் உள்ளே காற்றை அடியுங்கள். மெதுவான அழுத்தம் போதும். வெளியே பொருத்துகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டு போனால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை முட்டை விடும். அந்த இடங்களில் பென்சிலால் குறியிடுங்கள். பிறகு உள்ளே போய் சுவரையும் உட்கூரையையும் பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். மெதுமெதுவென்று அமிழ்ந்தால் அங்கே மரம் உக்கத் தொடங்கிவிட்டது.

வேலைக்குச் சரியான காலம் கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. வாடகைச் சீசனும் அதுதான் என்பது தெரியும். ஆனாலும் ஒரு கிழமை ஒதுக்குங்கள். ஐப்பசி பிறந்த பிறகு தொடங்கினால் ஈர மரத்தை அடைத்து மூடுவதில்தான் முடியும், அதைவிட ஒழுகவிடுவது மேல். நாளில், விடியலின் பனி காய்ந்த பிறகு தொடங்கி பத்து மணிக்குள் கூரை வேலையை முடியுங்கள், மிச்சத்தைப் பிற்பகல் நாலு மணிக்குப் பின் செய்யுங்கள். கொதிக்கிற தகட்டில் பூசினால் மேல்தோல் உடனே இறுகி, அடியில் குமிழி கட்டும்.

முக்கியமான சாமான் மூன்று வகை. முதலாவது பியூட்டைல் டேப், 20 மில்லிமீற்றர் அகலம், 3 மில்லிமீற்றர் தடிப்பு. இது லேசில் இறுகாத பிசின். பட்டைகளுக்கும் யன்னல் சட்டங்களுக்கும் அடியில் வைப்பது இதைத்தான். பக்கத்துக் கடைகளில் இல்லையென்றால் கொழும்பிலிருந்து எடுப்பியுங்கள், இதற்குப் பதிலாக வேறு எதையும் வாங்க வேண்டாம். இரண்டாவது பொலியூரிதேன் சீலன்ட், சிகாஃபிளெக்ஸ் 221 போன்றது, 300 மில்லிலீற்றர் டியூப். பட்டையின் வெளி ஓரத்துக்கு இது. டியூபில் அடித்திருக்கும் காலாவதித் திகதியைப் பார்த்தே வாங்குங்கள். சூடான கடையில் நாட்பட்டது உள்ளேயே கட்டியாகியிருக்கும். மூன்றாவது துருப்பிடிக்காத உருக்குத் திருகாணி.

அளவைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், உங்கள் வண்டிக்கேற்ப மாற்றுங்கள். 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம் என்று எடுத்தால், கூரையின் நாலு ஓரமும் 16 மீற்றர், நிமிர்ந்த மூலைகள் 8 மீற்றர். 1.2 க்கு 0.6 மீற்றர் யன்னல் நாலுக்கு 14.4, கதவுச் சட்டத்துக்கு 4.8, கூரைத் துவாரம் இரண்டுக்கு 3.6. மொத்தம் 47 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வெட்டிக் கழிவதையும் சேர்த்து 52 மீற்றர் டேப் வாங்குங்கள். சீலன்ட் 6 மில்லிமீற்றர் அகலமும் உயரமுமாகப் பூசினால் ஒரு டியூப் 8 மீற்றர் ஓடும். யன்னல்களின் கீழ் ஓரத்தை விட்டுவிடுவதால் (காரணம் பின்னால் வரும்) ஆறு டியூப் போதும்.

பட்டைகளை ஒரே நாளில் எல்லாம் கழற்ற வேண்டாம். கீழேயிருந்து மேலே போங்கள்: முதலில் மூலைகள், பிறகு கூரை ஓரம். அப்போதுதான் மேற்பட்டை கீழ்ப்பட்டையின் மேல் படிந்து, ஓடு வேய்ந்தாற்போல் தண்ணீரைத் தள்ளும்.

பட்டையின் நடுவில் இருக்கும் ரப்பர் நாடாவை இழுத்தெடுத்தால் பழைய திருகாணிகள் தெரியும். உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். ஆணி அறுந்தால் துளைத்து எடுங்கள், நெம்ப வேண்டாம். வளைந்த பட்டை திரும்பச் சரியாக உட்காராது. பழைய மெழுகையும் சிலிக்கனையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டுங்கள். இரும்புத் தகடு கீறல் போடும், கீறலில் உப்பு இறங்கும். மிஞ்சிய பிசினை மினரல் டர்பன்டைனாலும், சிலிக்கன் படலத்தைச் சிலிக்கன் ரிமூவராலும் எடுங்கள். தினர் பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும், மண்ணெண்ணெய் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும், இரண்டும் வேண்டாம். கடைசியாக ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து முழுக்கக் காயவிடுங்கள். ஈரமாய் மிஞ்சிய அல்கஹோல் பொலியூரிதேனை இறுகவிடாது. பூசிய பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த விரலால் நீவுவதும் அதே பிழைதான்.

இப்போது மரத்தைப் பாருங்கள். திருகுளியால் குத்தினால் தாராளமாக இறங்குகிற மரத்தை நல்ல மரம் வரும்வரை வெட்டி மாற்றுங்கள். ஈரமாய் மட்டும் இருந்தால் உள்பலகையைத் திறந்து, காற்றாடி வைத்து நாட்கணக்கில் காயவிடுங்கள். ஈரமானி கிடைத்தால் 15 வீதத்துக்குக் கீழே வரும்வரை மூட வேண்டாம். இந்த இடத்தில் பொறுமை இல்லாமல் போனால் மற்ற வேலை அத்தனையும் வீண். ஆணி பிடிக்காத துளைகளில் ஈர்க்குத் தடிப்பான மரச் சீவல்களைப் பசையோடு இறுக்கி அடைத்து, காய்ந்த பின் திரும்ப ஆணி போடுங்கள். நீள ஆணி போட்டால் உள்ளே போகும் வயரில் குத்தும்.

டேப்பை இழுத்து நீட்டாமல் பட்டையின் அடிப்பக்கத்தில் படியவைத்து, கூரை மூலைகளில் ஒரே துண்டாகத் திருப்புங்கள். இரு துண்டு சேரும் இடத்தில் 10 மில்லிமீற்றர் மேல்படியட்டும். ஒவ்வோர் ஆணியின் கழுத்திலும் ஒரு சின்ன உருண்டை பியூட்டைல் வைத்து, நடுவிலிருந்து இரு பக்கமும் கையால் இறுக்குங்கள். ட்ரில்லால் ஒரேயடியாக இறுக்கினால் பிசின் எல்லாம் பிதுங்கி, தகடும் பட்டையும் நேரே தொட்டுக்கொள்ளும். முதல் நாள் ஓரளவு இறுக்கி, ஒரு பகல் வெயில் காயவிட்டு, அடுத்த நாள் இன்னொரு சுற்று இறுக்குங்கள். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி, அந்த ஓரத்தைத் திரும்பத் துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, சீலன்ட்டைப் பூசுங்கள். வெறும் அலுமினியம் தெரியும் இடத்தை முதலில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். கையுறை அவசியம். ஒரு மணித்தியாலத்தில் தோல் கட்டும், ஆனால் உள்ளே ஒரு நாளைக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர்தான் இறுகும். எனவே இரண்டு நாள் வண்டியை ஓட்டக் கூடாது.

பிளாஸ்டிக் மூடியுள்ள கூரைத் துவாரங்களில் பொலியூரிதேன் பூச வேண்டாம், சில பிளாஸ்டிக்குகள் அதனால் வெடிக்கும். அடியில் பியூட்டைல் வைத்து, மேலே அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று லேபிளில் போட்டிருக்கும் எம்எஸ் பொலிமர் என்ற வேறு வகைச் சீலன்ட்டைப் பூசுங்கள்.

யன்னலின் கீழ் ஓரத்துக்கு வருவோம். சட்டத்துக்கு அடியில் டேப் நாலு பக்கமும் வரும், வெளிப்பூச்சு மட்டும் மேலும் இரு பக்கமும்தான். எப்படியாவது உள்ளே போன துளி கீழால் வடிய வேண்டும். தள்ளு கண்ணாடி யன்னல்களின் அடியில் இதற்கென்றே சின்னத் துளைகள் இருக்கும். கடற்கரையில் நிற்கும் வண்டிகளில் அவை மணலால் அடைபட்டு, தண்ணீர் நிரம்பி உள்ளே வழிவது சர்வ சாதாரணம். பொருத்து ஒழுகுகிறது என்று முடிவுகட்ட முன் ஓர் ஈர்க்கால் அவற்றைக் குத்திப் பாருங்கள்.

இரண்டு நாள் கழிந்ததும் சோதனை. சாதாரண ஹோஸ் போதும், பிரஷர் வோஷர் நல்ல பொருத்தையும் கிளப்பிவிடும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டு மேலே ஏறுங்கள். உள்ளே ஒருவர் டோர்ச்சோடு இருக்கட்டும். கீழிருந்து போனால்தான் எந்த மட்டத்தில் புகுகிறது என்று பிடிபடும்.

இதை வாசிக்கும்போதே மழை தொடங்கிவிட்டதென்றால் ஒன்றையும் கழற்ற வேண்டாம். குறியிட்ட பொருத்தில் சிலிக்கன் பூசாத இடமாக இருந்தால், துடைத்துக் காய்ந்த ஒரு பொழுதில் அலுமினிய முகம் கொண்ட பியூட்டைல் டேப்பை அழுத்தி ஒட்டுங்கள். சிலிக்கன் பூசிய இடத்தில் அதுவும் ஒட்டாது. அங்கே தார்ப்பாய் கட்டுங்கள், கூரையோடு ஒட்டாமல் இடையில் பலகை வைத்து, காற்றோட்டம் விட்டு. உள்ளே ஈரமான பலகையை இப்போதே கழற்றி, ஒழுகும் தண்ணீரை வாளியில் பிடியுங்கள். பலகைக்குப் பின்னால் தேங்க விட்டால், தை மாதம் வெயில் வரும்போது மாற்ற வேண்டிய மரம் இரண்டு மடங்காகியிருக்கும்.