ஒளியின் பிடியும் ஒளியின் திருகலும்

கேள்வி: லேசர் ஒளியைக் கொண்டு நுண்ணிய இழைகளையும் கம்பிகளையும் பிடித்து நிறுத்தலாம், சுழற்றவும் செய்யலாம் என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னார். நிறையே இல்லாத ஒளிக்கு இந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? பிடித்ததை எப்படிச் சுழற்றுகிறார்கள்?
– இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: ஒளிக்கு நிறை இல்லையென்றாலும் உந்தம் உண்டு, பிடி அங்கிருந்துதான் வருகிறது. 1 மில்லிவாட் ஒளிக்கற்றை ஓர் ஆடியில் நேராகப் பட்டுத் திரும்பினால், அது தரும் விசை ஏறத்தாழ 7 பிக்கோநியூட்டன் (ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). நம் விரலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி மணிக்கு, அதன் சொந்த எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு.

தள்ளுகிற ஒளி எப்படிப் பிடிக்கிறது என்பதே நல்ல கேள்வி. நீரில் மிதக்கும் மணிக்கு நீரைவிட ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை வளைக்கும் அளவு, கூடுதல் என்றால், அதன் வழியே போகும் கதிர் திசை மாறுகிறது. கதிரை மணி ஒரு பக்கம் வளைத்தால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மணி மறுபக்கம் தள்ளப்படுகிறது. கற்றையின் நடுவில் ஒளி செறிவாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருப்பதால், இத்தள்ளல்கள் எல்லாம் சேர்ந்து மணியைச் செறிவான இடத்துக்கே இழுத்து வருகின்றன. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் 1970இல் எதிரெதிரான இரு கற்றைகளுக்கு நடுவே துகள்களைச் சிறைப்பிடித்தார். 1986இல், நுண்ணோக்கி லென்ஸால் இறுகக் குவித்த ஒரே கற்றை போதும் என்று தம் குழுவினருடன் காட்டினார். இதையே ஒளி இடுக்கி என்கிறோம். இதற்கான நோபல் பரிசு 2018இல், அவரது 96ஆம் வயதில் வந்தது.

இழைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. மணிக்குத் திசை இல்லை, இழைக்கு உண்டு. நீர்த்துளிக்குள் நடுங்கியபடி மிதக்கும் நானோ கம்பியின் மேல் கற்றையைக் கொண்டுவந்தால், அது பெரும்பாலும் கற்றையின் அச்சோடு நிமிர்ந்து நின்றுவிடும். அதுவரை கோடாகத் தெரிந்த கம்பி, நுண்ணோக்கியில் சட்டென்று ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடும். முதன்முறை பார்ப்பவர் கம்பி தொலைந்துவிட்டதென்றே நினைப்பார். அதைப் படுத்த நிலையில் வைத்திருக்க, இரு முனைகளையும் இரு கற்றைகளால் பிடிக்க வேண்டும், அல்லது குவியத்தை நீள்வடிவமாக்க வேண்டும். பிறகு அந்த நீள்வடிவத்தைத் திருப்பினால் கம்பியும் உடன் திரும்பும்.

கற்றையின் வடிவத்தைத் தொடாமலும் திருப்பலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான். ஒளியின் மின்புலம் எந்தத் திசையில் அதிர்கிறது என்பதே தளவிளைவு. நேர்கோட்டுத் தளவிளைவுள்ள ஒளியில் மின்புலம் ஒரே தளத்தில் அதிர்கிறது. நீண்ட கம்பி தன் நீளவாக்கில் எளிதாக மின்முனைவு கொள்வதால் (அதன் மின்னூட்டங்கள் இரு முனைகளை நோக்கி விலகுவதால்), காந்தத்தின் அருகே திசைகாட்டி முள் திரும்புவது போல, மின்புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கப் பார்க்கும். கற்றையின் வழியில் வைத்த அரை அலைத் தகட்டை, அதாவது தளவிளைவைத் திருப்பும் தகட்டை, 10 பாகை திருப்பினால் தளவிளைவு 20 பாகை திரும்பும். கம்பியும் அதைத் தொடரும்.

தொடர்ந்து சுழல வேண்டுமானால் வட்டத் தளவிளைவு வேண்டும். அதில் மின்புலமே சுழல்கிறது. ஒளியின் துகளான ஒவ்வொரு ஃபோட்டானும் சிறிது கோண உந்தத்தை, அதாவது சுழற்சிக்குரிய உந்தத்தை, சுமந்து வருகிறது. 1936இல் ரிச்சர்ட் பெத், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட குவார்ட்ஸ் தகட்டின் வழியே இத்தகைய ஒளியைச் செலுத்தி, தகடு திருகப்படுவதை அளந்தே காட்டினார். 1998இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், இரட்டை ஒளிவிலகல் உள்ள (மின்புலம் அதிரும் திசைக்கேற்ப ஒளிவிலகல் எண் மாறும்) கால்சைட் எனும் கனிமத்தின் துகள்களை நொடிக்கு 300 சுற்றுகளுக்கும் மேல் சுழற்றினர். மின்புலம் சுழலும் திசையை மாற்றினால் சுழற்சியின் திசையும் மாறும்.

உலோகக் கம்பியானால் கவனம் தேவை. தங்கம் ஒளியை உறிஞ்சிச் சூடேறி, சுற்றியுள்ள நீரைக் கொதிக்கச் செய்துவிடக்கூடும். அதனாலேயே பெரும்பாலும் அகச்சிவப்பு லேசரையும் குறைந்த திறனையும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஒளியை அணைத்த பிறகும் கம்பி சற்று நேரம் சுழலும் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு சிறிய அளவில் நீரின் பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்பு) கம்பியின் நிலைமத்தை (இயக்கத்தைத் தொடரும் இயல்பை) முழுவதுமாக விழுங்கிவிடுவதால், அணைத்த கணமே சுழற்சி நின்றுவிடும், நீர் மூலக்கூறுகள் தரும் நடுக்கம் மட்டுமே எஞ்சும். ஒளியின் திருகலும் நீரின் தடையும் சமன்படும் வேகத்திலேயே துகள் சுழல்வதால், அந்த வேகத்தை அளந்து, ஒரு சிறு துளி திரவத்தின் பாகுநிலையையும் கணக்கிட்டுவிடுகிறார்கள்.