கேள்வி பதில்: புற்றுநோய் மாத்திரையும் ரத்தக் கசிவும்

கொழிஞ்சாம்பாறையில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 19 வருடம் புற்றுநோய் வார்டில் மருந்தாளுநர். கேளுங்கள்.

மீனாட்சிபுரம் மகள்: அம்மாவுக்கு இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உண்டு. நுரையீரல் புற்றுக்கு ஜெஃபிடினிப் 250 மாத்திரை தொடங்கி மூன்று வாரம். பல் தேய்த்தால் நுரை சிவக்கிறது, முழங்கையில் நீலத் திட்டு.

இன்றைக்கே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை; எண் ஏறினால் கசிவு ஆபத்து) பாருங்கள், நாளைக்கு இல்லை. வார்ஃபரினோடு ஜெஃபிடினிப்போ அதே வகை எர்லோடினிபோ சேர்ந்தால் சிலருக்கு ஐஎன்ஆர் எகிறிவிடும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் விளையாட்டில்லை. அதற்காக வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். அளவை டாக்டர் மாற்றட்டும். தார் மாதிரி கறுத்த மலம், திடீர்த் தலைவலி, வாய் குழறல் என்றால் லேபுக்குப் போகாமல் நேரே அவசரப் பிரிவு. இன்னொன்று: இதய ஃபைல் ஒரு பையில், புற்று ஃபைல் இன்னொரு பையில் என்று அலைகிறீர்கள். எல்லா மருந்தையும் ஒரே தாளில் எழுதி இரண்டு டாக்டருக்கும் காட்டுங்கள்.

வாளையாறு: அப்பாவுக்கு நுரையீரல் புற்றில் ஸ்குவாமஸ் என்ற வகை. பெவாசிசுமாப் தர மாட்டோம் என்கிறார்களே, கஞ்சத்தனமா?

இல்லை, சரியான முடிவு. அந்த மருந்து கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுப்பது. ஸ்குவாமஸ் கட்டி பெரும்பாலும் நடு நெஞ்சில், பெரிய குழாய்களை ஒட்டி இருக்கும், நடுவில் குழியும் விழலாம். ஆரம்பக்காலச் சோதனைகளிலேயே அந்த வகைக்காரர்கள் சிலர் இருமலில் ரத்தம் பீறிட்டு இறந்தார்கள்.

கோவிந்தாபுரம்: மூக்கில் ரத்தம் கசிகிறது, மாத்திரையை நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள். முன்னால் குனிந்து மூக்கை விடாமல் 10 நிமிடம் அழுத்துங்கள். நிற்காவிட்டால் மருத்துவமனை.

சித்தூர்: நுரையீரல் புற்றுக்கு ஒசிமெர்டினிப் சாப்பிடும் மாமாவுக்கு முட்டி வலி. வலி மாத்திரை டைக்ளோஃபெனாக் தரலாமா?

டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஒசிமெர்டினிப், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைக் குறைக்கலாம், டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கலாம். சேர்ந்தால் என்னாகும் என்று நீங்களே யோசியுங்கள். ஒரே தாள், எல்லா மருந்தும்!

நெம்மாறை: எங்கள் வைத்தியரின் கஷாயத்துக்குப் பக்கவிளைவே கிடையாது. அதையும் எழுதணுமா?

எழுதணும். கஷாயத்தை நான் திட்டவில்லை அண்ணே, அளவைத்தான் சொல்கிறேன். குழம்பு மஞ்சள் வேறு, காப்ஸ்யூலில் விழுங்கும் மஞ்சள் வேறு. மருந்தை உடைக்கும் கல்லீரலுக்கு அலோபதி, ஆயுர்வேதம் என்ற பேதம் தெரியாது.

நெம்மாறை: மூன்று தலைமுறை வைத்தியர், தெரியுமா?

மூன்று தலைமுறையில் எத்தனை பேர் அதோடு எர்லோடினிப் சாப்பிட்டார்கள்? பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

நெம்மாறை: ஒன்றுமில்லை. காலையில் 30 மில்லி, அவ்வளவுதான்.

சரி, 'பெயர் தெரியாத கஷாயம், காலை 30 மில்லி' என்றே தாளில் எழுதுங்கள்.