‘எல்லாம் பேக்கேஜில் அடக்கம்’ என்றால் எதுவும் அடக்கமில்லை என்றே வையுங்கள்

கேள்வி: நாங்கள் எட்டுப் பேர். மகாராஷ்டிராவின் காம்ஷெட்டில் பாராகிளைடிங் கற்றவர்கள், சொந்த விங் (பாராகிளைடரின் துணி இறக்கை) வைத்திருக்கிறோம். நவம்பரில் ஒரு வாரம் நேபாளத்தின் பொக்ராவில் பறக்கத் திட்டம். அனுபவம் அதிகம் என்பதால் என்னையே வழிகாட்டியாக இருக்கச் சொல்கிறார்கள். என் செலவை மற்ற ஏழு பேரும் பகிர்ந்துகொள்வார்களாம். இன்ஷூரன்ஸ் பேக்கேஜில் அடக்கம் என்கிறார் ஏஜெண்ட். அது போதுமா? யாருக்காவது அடிபட்டால் பொறுப்பு யார் தலையில் விழும்?

பதில்: போதாது. ஏஜெண்டிடம் பாலிசியின் முழு விதிமுறைகளை இன்றைக்கே கேளுங்கள். சான்றிதழ் என்று ஒரு பக்கம் அனுப்பிவைப்பார். அதில் பெயர், தேதி, தொகை தவிர ஒன்றும் இருக்காது. விவகாரம் முழுக்க ‘விலக்குகள்’ என்ற பகுதியில்தான். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் சாகச விளையாட்டுக்கே இடமில்லை. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தாலும், ‘பயிற்சி பெற்ற நிபுணரின் மேற்பார்வையில்’ என்று ஒரு வரி உள்ளே உட்கார்ந்திருக்கும். டாண்டமில், அதாவது இருவர் ஒரே விங்கில் பறக்கும்போது, பயணியாகப் போகிறவருக்கு அது சரி, பின்னால் பைலட் இருக்கிறார். நீங்கள் ஆளுக்கொரு விங்கில் தனியாகப் பறக்கிறவர்கள். கீழேயிருந்து ஒருவர் வாக்கி-டாக்கியில் பேசினால் அது மேற்பார்வையா இல்லையா என்பது கிளெய்ம் ஃபைலைப் பார்க்கிற ஆபீசரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அதனால் ஏஜெண்டை விட்டுவிட்டு நேராக இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரே கேள்வி போதும்: ‘பாலிசிதாரர் நேபாளத்தில், போட்டியாக அல்லாமல், சொந்த பாராகிளைடரைத் தானே ஓட்டும்போது அடிபட்டால் மருத்துவச் செலவும் ஹெலிகாப்டர் மீட்புச் செலவும் தருவீர்களா?’ ஆம், இல்லை என்று எழுத்தில் பதில் வர வேண்டும். கால் சென்டரில் ‘கவர் ஆகும் சார்’ என்று சொன்னது எங்கேயும் செல்லாது. பதில் வர இரண்டு வாரம் இழுத்தடிப்பார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

‘அங்கே போனதும் உள்ளூர் இன்ஷூரன்ஸ் போட்டுக்கலாம்’ என்று இன்னொரு வலை விரிப்பார்கள். அது மூன்றாம் நபர் காப்பீடாக இருக்கலாம். நீங்கள் ஒரு வீட்டுக் கூரையில் இறங்கினால் உடைந்த கூரை ஓட்டுக்குப் பணம் வரும், உங்கள் காலுக்கு வராது. இரண்டும் வேறு, இரண்டும் வேண்டும்.

ஹெலிகாப்டர் விஷயத்தில் தனி எச்சரிக்கை. பணம் யார் தருவார்கள் என்பது உறுதியாகாமல் அது கிளம்பாது. அதே சமயம், தேவையில்லாமல் ஹெலிகாப்டர் வரவழைத்து ஏஜெண்ட், ஆஸ்பத்திரி எனக் கமிஷன் பிரித்துக்கொள்ளும் மோசடி பெரிதாகி, 2018-ல் நேபாள அரசே விசாரணை நடத்தியது. எனவே அவசர எண்ணும் பாலிசி எண்ணும் எழுதிய அட்டை எட்டுப் பேரின் ஹார்னெஸ் (உடலோடு கட்டிக்கொள்ளும் இருக்கை) பையிலும் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து இல்லாத அடி என்றால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பேசி ஒப்புதல் வாங்கிய பிறகே ஹெலிகாப்டர்.

இனி உங்கள் தலை. ஏழு பேர் உங்கள் செலவைக் கட்டினால் நீங்கள் நண்பர் என்ற கணக்கிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். கூலி என்று ரூபாய் கைமாற வேண்டியதில்லை. இலவச டிக்கெட்டும் இலவச அறையும்கூட ‘பிரதிபலன்’ என்று வாதிட இடம் தரும். ‘தொழில்முறையாக ஈடுபடுவது விலக்கு’ என்று பாலிசியில் இருந்தால் உங்கள் சொந்தக் காப்பீடே ஆட்டம் காணும். ஜீப் வாடகை, பெட்ரோல், சாப்பாட்டை எட்டாகப் பிரிப்பது பிரச்சினை இல்லை. எட்டுப் பேரும் அவரவர் ஓட்டலுக்கு, அவரவர் டிக்கெட்டுக்கு நேரடியாகக் கட்டட்டும். உங்கள் கணக்கில் யாருடைய பணமும் விழ வேண்டாம். முன்பணமாக வாங்கித் திருப்பித் தருவதும் வேண்டாம். ‘ஜிபே பண்ணிடுறேன்டா’ என்பவரிடமும் இதையே சொல்லுங்கள். வழிகாட்டும் வேலையைப் பொக்ராவில் பதிவுபெற்ற நிறுவனத்தின் உள்ளூர் கைடிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் ஒருங்கிணைப்பாளராக மட்டும் இருங்கள்.

சோலோ பைலட்டுக்கான அனுமதியும் அந்த நிறுவனம் வழியாகத்தான் சுலபம். உரிமம், ஐபிபிஐ அட்டை (பைலட்டின் திறன் நிலையைக் காட்டும் சர்வதேச அட்டை), காப்பீட்டு நகல் கேட்பார்கள். உரிமம் இல்லாத ஐபிபிஐ அட்டை தனியாகச் செல்லாது. நம் ஊரில் ஸ்கூட்டருக்கு ஆர்டிஓ ஆபீஸ் உண்டு. விங்குக்கு எந்த ஆபீஸ் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். அந்த அலைச்சலுக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். ‘சரங்கோட் டேக்-ஆஃப்’ என்று பொக்ராவின் பழைய கிளம்பும் மலையின் படம் காட்டும் ஏஜெண்டிடம் இந்த நவம்பரில் எங்கிருந்து பறக்கிறார்கள் என்று கேளுங்கள். 2023 ஜனவரியில் பொக்ரா சர்வதேச விமான நிலையம் திறந்த பிறகு கிளம்பும் இடங்களும் பறக்கும் எல்லைகளும் மாறிவிட்டன. பதில் தெரியாவிட்டால் அவருக்கு அங்கே ஆளே இல்லை.

போய் இறங்கியதும் முதல் வேலை ரிசர்வ் பாராசூட், அதாவது விங் கைவிட்டால் திறக்கும் அவசரப் பாராசூட். விமானத்தில் மடித்து நசுக்கப்பட்டு வந்த ஹார்னெஸில் ரிசர்வின் கைப்பிடியோடு சேர்ந்த ஊசி வளைந்திருக்கலாம், அல்லது பாதி வெளியே வந்திருக்கலாம். பாதி வந்தால் ரிசர்வ் நடுவானில் தானாகத் திறக்கலாம். வளைந்தால் வேண்டும்போது திறக்காமல் போகலாம். ஒரு வருடம் தொடாத வெல்க்ரோ கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும், அதைப் பிரித்து மறுபடி ஒட்டுங்கள். ரிசர்வை மடித்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே மடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து மறுபடி மடித்துவிட வேண்டும்.

லேண்டிங் ஃபேவா ஏரிக்கரையில் என்றால் மிதவை ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரியும் என்பது பதில் ஆகாது. ஹார்னெஸின் முதுகு நுரை தண்ணீரில் மேலே எழும்பி ஆளை முகம் குப்புறக் கவிழ்க்கும். தண்ணீர்தான் என்று உறுதியானால் உயரம் இருக்கும்போதே மார்புப் பட்டையைக் கழற்றுங்கள், கால் பட்டைகளைத் தண்ணீரைத் தொட்ட பிறகு.

டேக்-ஆஃபில் ஒருவர், லேண்டிங்கில் ஒருவர், இருவரிடமும் ரேடியோ. எட்டுப் பேருக்கு ஒற்றைக் கைடு காணாது. அனுபவம் குறைந்தவரை முதலிலும் விடாதீர்கள், காற்று மாறும் கடைசி நேரத்திலும் விடாதீர்கள். இறங்கியவர் ஒரு நிமிடத்தில் விங்கைச் சுருட்ட வேண்டும். விரித்தபடியே கிடந்தால் அடிபட்டதாகத்தான் மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு சிறு விஷயங்கள். மலைக்கு நல்லது என்று கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியை யாராவது வாங்கியிருந்தால் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தவர்களை நம் விமான நிலையங்களில் பிடித்திருக்கிறார்கள். நேபாளத்துக்கு விசா வேண்டாம் என்பதால் ஆதாரை மட்டும் எடுத்து வருபவர் ஒருவராவது இருப்பார். விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்.