பொண்ணு பேசறத நிறுத்திட்டா, விளக்கி லெட்டர் எழுதலாமா?

எழுதாதீங்க. மனநல தெரபிக்குப் போனதுல இருந்து பொண்ணு பழசெல்லாம் ட்ராமா, அதாவது மனக்காயம்ங்கறா, நாலு பக்கம் விளக்கம் அனுப்பவான்னு கேக்கறீங்க. அது அவளுக்கு "இவங்க இன்னும் நான் சொன்னத கேக்கல"ன்னுதான் படும்.

தெரபிஸ்ட் மனச கலைச்சிட்டாருன்னு முடிவு கட்டாதீங்க. அவர் கேக்கறது ஒரு பக்கக் கதைதான், நெஜம், ஆனா ட்ராமா, அப்யூஸ் (கொடுமை)ங்கற வார்த்தைகளோட எல்லை விரிஞ்சுட்டே போகுதுன்னு உளவியலாளர் நிக் ஹாஸ்லம் 2016லயே எழுதிட்டாரு, நீங்க "அடிச்சேனா, பட்டினி போட்டேனா"ங்கறீங்க, அவ "எல்லார் முன்னாடியும் மட்டம் தட்டினீங்க"ங்கறா, ரெண்டும் வேற வேற கணக்கு.

அவ கடைசி மெசேஜ்ல குறிப்பா ஏதாவது சம்பவம் சொல்லியிருக்காளான்னு பாருங்க. இருந்தா அதுக்கு மட்டும் ரெண்டு வரி பதில் அனுப்புங்க, "ஆனா"ங்கற வார்த்தை வராம.

தொடர்பே வேணாம்னு தெளிவா சொல்லியிருந்தா அதுவும் அனுப்பாதீங்க, சொந்தக்காரங்கள தூது விடறது இன்னும் மோசம்.