சம்பளமும் காதலும்: ‘நிகேஹாஜி’ பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோழி ஒருத்தியின் வற்புறுத்தலால் 2016இல் வெளிவந்த ‘நிகேஹாஜி’ என்ற ஜப்பானியக் காதல் தொடரைப் பார்த்து முடித்தேன். முதல் முத்தத்துக்கே ஆறாம் பகுதியின் இறுதிவரை காக்க வைத்ததைப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பத்தாம் பகுதியில் நாயகன் ஹிராமாசா மனம் திறந்து திருமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்கும்போது மிகுரி கணக்குப் பேசுகிறாள். அன்புக்குச் சம்பளம் கேட்கும் ஒருத்தியை எப்படிக் காதல் கதையின் நாயகியாக ஏற்பது? கடைசிப் பகுதியில் நடப்பது குடும்பமா, நிறுவனக் கூட்டமா என்றே விளங்கவில்லை. 2021இல் வந்த சிறப்புப் பகுதியையும் பார்க்கத்தான் வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

மிகுரி அன்புக்குச் சம்பளம் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. செய்த வேலைக்குக் கிடைத்துவந்த சம்பளம் அன்பின் பெயரால் நின்றுபோவதைத்தான் அவள் தடுக்கிறாள்.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உளவியலில் முதுகலை படித்தும் நிரந்தர வேலை கிடைக்காமல், தற்காலிகப் பணியாளராகச் சேர்ந்த அலுவலகத்திலிருந்தும் நீக்கப்பட்ட மிகுரி (அராகாகி யுய்), முப்பதுகளின் நடுவில் இருக்கும் மணமாகாத கணினிப் பொறியாளரான ஹிராமாசாவின் (ஹோஷினோ கென்) வீட்டு வேலைகளைச் செய்ய வருகிறாள். பிறகு இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: வெளியாருக்குக் கணவன் மனைவி, வீட்டுக்குள் முதலாளியும் பணியாளரும், மாதச் சம்பளம் 1,94,000 யென். உமினோ ட்சுனாமியின் மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை) தழுவி நோகி அகிகோ திரைக்கதை எழுதிய பதினொரு பகுதிகளையும் டிபிஎஸ் தொலைக்காட்சி செவ்வாய் இரவுகளில் ஒளிபரப்பியது. கதைக்குள்ளும் இவர்கள் அணைத்துக்கொள்வதற்கென்று ஒதுக்கிய நாள் செவ்வாய்தான். நேயர்களை நோக்கிய அந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருந்தது.

உங்களைப் பொறுமை இழக்கச் செய்த மெதுவான போக்குக்கும் இந்த ஒப்பந்தமே காரணம். முதலாளி ஒருவர் தம்மிடம் சம்பளம் வாங்கும் பெண்ணைத் தொடுவதென்றால், அவள் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறாளா என்ற கேள்வி உடனே எழுந்துவிடும். ஆகவே கையைப் பற்றுவதைக்கூட ஒருவர் முன்மொழிந்து மற்றவர் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. காதலர்களாக இருக்கலாமா என்று முதலில் கேட்பவள் மிகுரியாக இருப்பதும் இதனால்தான். ஹிராமாசாவின் கூச்சத்தை மட்டும் பார்த்தால் இந்த எச்சரிக்கை கண்ணில் படாமல் போய்விடும்.

இனி பத்தாம் பகுதி. திருமணப் பேச்சுக்குச் சற்று முன்னால், கடைத்தெரு வணிகர்கள் தங்கள் சந்தைக்கு உதவும்படி மிகுரியைக் கேட்கிறார்கள். தெரிந்தவள்தானே, அனுபவமாகவும் இருக்குமே என்று கூலி இல்லாமலே வேலை வாங்கப் பார்க்கிறார்கள். ஆர்வத்தைக் காட்டி உழைப்பை இலவசமாகப் பெறுவது சுரண்டல் என்று அவள் அவர்களுக்கு விளக்குகிறாள். அதே பகுதியில்தான், தன் வேலை போகப்போகிறது என்று அறிந்துகொண்ட ஹிராமாசா, சட்டப்படி மணந்துகொண்டால் மிகுரியின் சம்பளம் மிச்சமாகும் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கோடு திருமணத்தை முன்வைக்கிறார். கணக்கை முதலில் எடுத்தவர் அவர்தான் என்பதை உங்கள் கடிதம் விட்டுவிட்டது. அவர் அவளை உண்மையாகவே நேசிக்கிறார். அதனால்தான் அந்தக் காட்சி வலிக்கிறது. நேசிப்பதால் அதே வேலையை இனிக் கூலியின்றிச் செய்யலாம் என்றாகும்போது, கடைத்தெருக்காரர்களிடம் சொன்னதையே அவள் தன் காதலரிடமும் சொல்ல வேண்டியதாகிறது.

அந்தச் சம்பளம் அவளுக்கு வெறும் பணம் அல்ல. படிப்பு இருந்தும் வேலைச் சந்தை ஒதுக்கிவிட்டது; முன்பு காதலித்தவன் அதிகப்பிரசங்கி என்று சொல்லி விலகிப் போனான். அவளுடைய உழைப்பை அளந்து மதிப்பிட்ட முதல் ஆள் ஹிராமாசா. தொடர் காட்டும் சமூகத்தையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஜப்பானில் 1986 முதல், நிறுவன ஊழியரைச் சார்ந்து வாழும் துணைவர் ஓய்வூதியச் சந்தாவைத் தனியாகச் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகை அவருடைய சொந்த வருமானம் ஒரு வரம்புக்குள் இருக்கும்வரைதான். வீட்டு வேலையைக் குடும்பத் தலைவரின் சம்பளத்துக்குள் அடக்கிப் பார்க்கும் அந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது இவர்களுடைய ஒப்பந்தம்.

நீங்கள் நிறுவனக் கூட்டம் என்று கேலி செய்யும் கடைசிப் பகுதியில், இருவரும் குடும்பத்தின் கூட்டு நிர்வாகிகளாக இருந்து வேலைகளைப் பகிர்ந்துகொள்ள முயன்று, அதில் தடுமாறுகிறார்கள். மிகுரி சோறு வைக்க மறந்துபோய், சண்டையிட்டு, இதெல்லாம் வேண்டாம் என்று குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஹிராமாசா கதவைத் தட்டி உடைக்கவில்லை. முன்பு தான் மனத்தை மூடிக்கொண்டபோது அவள் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாள் என்பதைக் கதவுக்கு வெளியே இருந்தபடி சொல்கிறார். முழுத் தொடரிலும் மிகச் சிறந்த காதல் காட்சி என்று அதையே சொல்வேன்; ஆறாம் பகுதி முத்தம் அதற்கு அடுத்தபடிதான்.

கடைசிப் பகுதியில் உங்களோடு உடன்படும் இடமும் உண்டு. ஏறக்குறைய எல்லோருக்கும் அவசர அவசரமாக இணை தேடிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐம்பதை நெருங்கும், மணமாகாத, மிகுரியின் பெரியம்மா யுரி (இஷிதா யுரிகோ), வயதைச் சொல்லித் தன்னை இகழும் இளம்பெண்ணிடம், வயதானால் மதிப்பு போய்விடும் என்ற எண்ணம் நாளை உன்னையே கட்டிப்போடும் என்று சொல்லுமிடம் அபாரமானது. அப்படிப்பட்டவரின் காதலுக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

2021 ஜனவரியில் வந்த சிறப்புப் பகுதி மகப்பேறு, கணவன் எடுக்கும் குழந்தை பராமரிப்பு விடுப்பு, தம்பதியர் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும் என்ற சட்டம், கொரோனா காலம் என்று பலவற்றையும் ஒன்றாகத் திணித்திருப்பதால், சில இடங்களில் அரசு விழிப்புணர்வுப் படத்தின் வாடை அடிக்கிறது. பத்தாம் பகுதியை ஒருமுறை திரும்பப் பார்த்த பிறகும் மிகுரிமேல் உங்கள் கோபம் தணியவில்லை என்றால், அந்தச் சிறப்புப் பகுதியைத் தாராளமாகத் தவிர்த்துவிடலாம்.