16 மெகாஹெர்ட்ஸ் சிப்பில் நான்கு குரல் இசை வருமா?

கேள்வி: ஏடிமெகா328பி-யில் (ஆர்டுயினோ யூனோ பலகையில் இருக்கும் சிப்) எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி கிடையாது, ராமும் 2 கிலோபைட்தான். இதில் ஒரே நேரத்தில் நான்கு சுரங்கள் ஒலிக்க முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் அலையை அவ்வப்போது கணக்கிடும் sin() சார்பின் பக்கம் மட்டும் போகாதீர்கள். தசமக் கணக்குக்கு இந்தச் சிப்பில் வன்பொருளே இல்லை, திணறிவிடும்.

ஓர் அலையின் ஒரு சுற்றை 256 பைட் அட்டவணையாக ஃபிளாஷில் (நிரல் இருக்கும் நினைவகம்) வைத்துவிடுங்கள். 8 பிட் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றி மின்னழுத்த அளவைக் காட்டும் முறை) நொடிக்கு 62,500 முறை சுற்றும். ஒன்று விட்டு ஒரு சுற்றில் மாதிரி (அலையின் அந்த நொடி மதிப்பு) எடுத்தால் வேகம் 31,250 ஹெர்ட்ஸ். ஒரு மாதிரிக்கு 512 கடிகாரத் துடிப்பு கிடைக்கிறது, நான்கு குரலுக்கு அது போதும்.

சூட்சுமம் கட்டக் கூட்டியில்தான் இருக்கிறது, அதாவது அலையின் சுற்றில் எங்கே இருக்கிறோம் என்று ஒவ்வொரு குரலுக்கும் காட்டும் எண்ணில். ஒவ்வொரு மாதிரிக்கும் அதில் ஒரு எண்ணைக் கூட்டுங்கள். மேல் 8 பிட்தான் அட்டவணையின் முகவரி. நிரம்பி வழிந்தால் கவலை வேண்டாம், அலை தானாகவே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். கூட்டி 16 பிட் என்றால் 440 ஹெர்ட்ஸுக்கு 922.75 கூட்ட வேண்டும். 923 என்று வைத்தால் காதுக்குத் தெரியாது. ஆனால் 55 ஹெர்ட்ஸுக்கு 115.34 வரும். அதை 115 ஆக்கினால் சுருதி சுமார் 5 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறங்கிவிடும். நான் 32 பிட்தான் வைப்பேன், கூடுதல் செலவு சில துடிப்புகளே.

நான்கையும் கூட்டி நான்கால் வகுங்கள் (இரண்டு பிட் வலம் தள்ளினால் சரி), இல்லையென்றால் கரகரக்கும். வெளியே 1 கிலோ ஓம், 10 நானோஃபாரட் வடிகட்டி போடுங்கள். அப்புறம் ஸ்பீக்கரை நேராகப் பின்னில் மாட்டாதீர்கள், ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர் அவசியம்.